நூறு கிராமுக்கு

மாங்குளம் சந்தியில் வானை நிழலுக்கு ஒதுக்கிவிட்டு
பக்கற்றைப் பிரிக்காமல்
பின்பக்கத்தை மட்டும் வாசிக்கிறேன்.
நூறு கிராமுக்கு
சக்தி நானூற்றித் தொண்ணூறு,
சீனி முப்பத்தாறு, கொழுப்பு இருபத்துநாலு,
புரதம் ஆறு.
நார், எழுதவே வெட்கப்பட்டதுபோல்
ஓரத்தில் ஒன்றரை.

முன்பக்கத்தில் உடைந்த பிஸ்கற்றின் நடுவிலிருந்து
சொக்லேற் ஆறாக ஓடுகிறது.
அதன் கீழே, கட்டைவிரலால் மறைக்கக்கூடிய அளவில்
இரண்டு சிவப்பு வட்டம், ஒரு மஞ்சள்.

வட்டம் வந்த நாளிலிருந்து
கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துத்தான்
கடைக்காரருக்கு நீட்டியிருக்கிறேன்.
வேண்டுமென்று அல்ல.
பிடிக்க வசதியான இடம் அது.

போன மாசியில் கிளினிக்கில்
நேர்ஸ் கொப்பியைத் திருப்பிக் காட்டினா:
"இருநூற்றிப் பதினாலு. என்ன வேலை செய்யிறியள்?"
சொன்னேன்.
சிரிப்பை அடக்க அவ பட்ட பாட்டை
முழு வரிசையும் பார்த்தது.

மல்லாவியில் தவமலரின் கடை.
ஒன்பதே முக்காலுக்கு வயலால் ஏறி வருவார்கள்
களை பிடுங்கும் நாலு பெண்கள்,
கணுக்காலுக்கு மேலே சேறு காயத் தொடங்கியிருக்கும்.
பிளேன்ரீ, ஆளுக்கொரு பக்கற்.
விடியக் குடித்தது தேத்தண்ணி மட்டும்,
சோறு இன்னும் மூன்று மணித்தியாலம் தள்ளி.
விமலகாந்தி நாலையும் தின்று
விரலையும் நக்கிவிட்டு எழும்பும்போது
என் கணக்குப் பிழைக்கிறது.
எனக்குச் சிவப்பு வட்டம்;
அவளுக்கு இன்னும் இரண்டு வரம்பு.

ஆனாலும் புரதம் ஆறுதான்.
பதினொன்றரைக்கே கை நடுங்குது என்றாள்
போன கிழமை.
"கடலை வாங்கித் தின்னுங்கோவன்."
"கடலை கடிச்சு முடிக்க நேரம் எங்க, அண்ணை?
இது வாய்க்குள்ளயே கரைஞ்சிடும்."
என்னைவிட நல்லாய் விற்கிறாள்.

இன்று அவளுக்கு எடுத்துக் கொடுக்கையில்
விரலைத் தள்ளிப் பிடித்தேன்.
அவள் வட்டத்தைப் பார்க்கவில்லை,
விலையைப் பார்த்தாள்.

அனிச்சியன்குளத்தில் ஒரு தாய்.
இடுப்பில் மூன்று வயசு,
கையில் நிறை குறிக்கும் அட்டை,
புள்ளி கோட்டுக்குக் கீழே நிற்கிறது.
"இதைத் தவிர ஒண்டையும் தொடுறானில்லை" என்று
அதே பக்கற்றைக் கேட்கிறாள்.
முட்டையை முதல் குடுங்கோ, பிறகு இதில பாதி,
என்று நாக்கு வரை வந்தது.
இந்த மாத இலக்கு நூற்றி இருபது பெட்டி.
பேனை விலைச்சிட்டையில் எழுதிக்கொண்டே இருந்தது.
பொடியன் கடதாசியைப் பல்லால் கிழித்தான்.

எனக்குக் கிழமைக்கு ஒன்று,
வியாழக்கிழமை, சோற்றுக்குப் பிறகு.
"ஒண்டு எண்டா பக்கற் இல்லை, ஒண்டு" என்று
நேர்ஸ் இரண்டு தரம் சொன்ன ஒன்று.
இருபத்தைந்து கிராம்.
சீனி ஒன்பது, தேக்கரண்டியில் அள்ளினால்
இரண்டும் கொஞ்சமும்.

துணுக்காய்ப் பாதையில் ஒரு மருதடி.
முதல் கடி வெறும் ஓரம், மா, கொஞ்சம் உப்பு.
அதற்குப் பிறகுதான் நடு,
இந்த வெயில் பாதி உருக்கி வைத்த நடு.
முன்பெல்லாம் ஒரு கை ஸ்டியரிங்கில்,
வாயில் மூன்றும் ஒன்றாய்ப் போகும்,
வானுக்கு டீசல் அடிப்பதுபோல்.
இன்று ஒன்றுக்குப் பதினொரு நிமிடம்.
இவ்வளவு காலம் விற்றதன் ருசி
கசப்பில் தொடங்குகிறது என்று
இப்போதுதான் எனக்குத் தெரியும்.

மடியில் விழுந்த துணுக்குகளை
துணுக்காய் மண்ணுக்கே தட்டிவிடுகிறேன்.
மிச்சம் மூன்று.
வாயை மடித்து, றப்பர் வளையம் போட்டு,
முன்தட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறேன்.
அடுத்த வியாழன் வரைக்கும்.

அந்தப் பெட்டிக்குப் பூட்டு உடைந்து
இரண்டு வருசம்.